லூயிசாவின் படிவத்தில் நான் எழுதிய வரி

போன மாதம் துர்க்கா தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வுபெற்ற பிறகு கல்லூரியின் மாணவர் கோப்புப் பிரிவில் என் கதிரையில் இருப்பவள் அவள்தான். கனடாவின் முதற்குடி இன மாணவர்களைப் பற்றி ஒவ்வொரு வருடமும் எழுதும் அறிக்கையை மாற்றப் போகிறார்களாம். இத்தனை பேர் டிப்ளோமா எடுத்தார்கள், இத்தனை பேர் இடையில் விட்டுவிட்டுப் போனார்கள் என்று இரண்டு நிரலில் எழுதுவது போதாதாம். கல்வியில் வெற்றி என்றால் என்ன என்று அந்தச் சமூகங்களிடமே கேட்டு எழுதவேண்டும் என்று முடிவாகியிருக்கிறதாம். அதற்கு ஒரு கூட்டம் வைக்கிறார்களாம், அதில் பழைய ஆட்கள் யாராவது பேசினால் நல்லது என்று என் பெயரைக் கொடுத்திருக்கிறாள்.

“அன்ரி, நீங்கள் வந்து ஒரு பத்து நிமிசம் கதைச்சாக் காணும். அந்த லூயிசாவின்ர விசயத்தை மட்டும் சொல்லுங்கோ.”

“பத்து நிமிசத்தில சொல்லுற விசயமே பிள்ளை அது? நான் எழுதித் தாறன். ஆரும் வாசிக்கட்டும்.”

எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, அதைச் சொல்வதென்றால் நான் செய்த முட்டாள்தனத்தை முதலில் சொல்லவேண்டும். இத்தனை வருடம் அதை ஒருவருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. சரி, சொல்லித் தொலைக்கிறேன்.

நான் வேலை பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஊரில் ஒரு கந்தோரில் ஐந்து வருடம் இலிகிதராக இருந்தேன். சண்டை எங்களைக் கிளப்பியது. மொன்ட்ரியாலுக்கு வந்து டவுன்டவுனில் ஒரு ஹோட்டலில் கட்டில் விரித்தேன், பின்னேரங்களில் பிரெஞ்சு படித்தேன், பிறகு கோட்-டெ-நெய்ஜ் பக்கம் ஓர் ஆங்கிலக் கல்லூரியில் மூன்று மாதத்துக்கு என்று தட்டச்சு வேலைக்குப் போனேன். அந்த மூன்று மாதம் இருபத்துநான்கு வருடமாக நீண்டது.

ஊர்க் கந்தோரிலிருந்து நான் கொண்டுவந்த படிப்பு இரண்டு. ஒன்று, கோப்பில் கால் படக்கூடாது, பட்டால் தொட்டுக் கும்பிடவேண்டும். மற்றது, மெடிக்கல் போடுவது. கலியாண வீடா, மெடிக்கல். கோயில் தேரா, மெடிக்கல். நெல் வெட்டா, அதற்கும் மெடிக்கல். ஒரு தும்மலும் இல்லாமல் ஒரு கிழமை காய்ச்சலில் கிடந்ததாக வைத்தியரிடம் காகிதம் வாங்கிக் கொடுப்போம். அதை நாங்கள் பொய் என்று நினைத்ததே இல்லை. சட்டத்துக்கும் சீவியத்துக்கும் இடையில் ஒரு பலகை போட்டுத் தாண்டுவதாகவே நினைத்தோம். மேலதிகாரிக்கும் தெரியும், வைத்தியருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்த பொய்யால் யாருக்கும் கெடுதி வராது என்பது என் நம்பிக்கை.

கல்லூரியில் எனக்கு மேலே இருந்தவர் மதாம் ஜெர்வே. மெலிந்து உயர்ந்த கியூபெக் பெண்மணி. கோப்பை நின்றுகொண்டுதான் வாசிப்பார். முதலில் முன்தாளிலிருந்து பின்னுக்கு, பிறகு கடைசித் தாளிலிருந்து முன்னுக்கு. முன்னாலிருந்து வாசித்தால் நாங்கள் சொல்ல விரும்பியது தெரியும், பின்னாலிருந்து வாசித்தால் நடந்தது தெரியும் என்பார். யாரையும் ஒருமையில் அழைத்ததில்லை. நகல் எடுக்கும் இயந்திரத்தைத் திருத்த வருகிறவரையும் நீங்கள் என்றுதான் சொல்வார். எழுதிய எதையும் அழிக்க விடமாட்டார். பிழை என்றால் அதன் நடுவே ஒற்றைக் கோடு, அதுவும் கீழே இருப்பதை வாசிக்கக்கூடிய மாதிரி. பக்கத்தில் கையெழுத்தின் முதலெழுத்து, திகதி, அதற்குக் கீழே சரியானது. ஒருமுறை என் மேசையில் எழுத்தை மறைக்கும் வெள்ளை மைப் போத்தலைக் கண்டு, செத்த எலியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய்க் குப்பையில் போட்டார்.

அவரைக் கண்டால் எனக்குப் பயம். மதிப்பும்தான். இரண்டும் ஒரே அளவில் இருந்தன.

எங்கள் பிரிவுக்கு வரும் வழக்குகளில் பெரும்பாலானவை ஒரு குறியீட்டைச் சுற்றித்தான் இருக்கும். ஒரு பாடத்தை மாணவர் முடிக்காவிட்டால் அது பெயில். ஆனால் இரண்டெழுத்துக் குறியீடு ஒன்று உண்டு. அது விழுந்தால் பாடம் முடியவில்லை என்றுதான் பதிவு, பெயில் இல்லை. அதைக் கொடுப்பதற்கு ஒரே காரணம் கடும் நோய். மாணவருக்கோ, தாய் தகப்பனுக்கோ, துணைக்கோ, பிள்ளைக்கோ நோய் இருக்கவேண்டும், வைத்தியரின் காகிதமும் வேண்டும். படிவத்தில் காரணம் எழுத இரண்டு வரி விட்டிருக்கும். ஒரு மனிதருடைய வருட முழுத் துன்பத்தையும் அந்த இரண்டு வரிக்குள் அடக்குவதில் நான் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்திருந்தேன்.

லூயிசா கிரீ இனத்துப் பெண். வடக்கே ஜேம்ஸ் விரிகுடாப் பக்கம் ஊர். தாதிப் படிப்பில் கடைசி வருடம். ஜோசப் என்று ஒரு மகன், வயது ஒன்று தாண்டியிருந்தது. அவன் பிறந்த வருடம் அவள் ஆஸ்பத்திரிப் பயிற்சியை முடிக்க முடியாமல் ஒருமுறை பெயிலாகியிருந்தாள். அந்தப் பயிற்சியில் இரண்டாம் முறையும் பெயிலானால் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள். அது தாதிப் பிரிவின் விதி.

காலையில் நானும் அவளும் ஒரே பஸ்ஸில் இறங்குவோம். பங்குனி மாதம், உருகிய பனியும் சேறும் கணுக்கால்வரை. முதுகில் புத்தகப் பை, இடுப்பில் மகன், கையில் அவனுடைய பை. பகலில் பிள்ளைகளை விடும் கார்டெரி மூன்று தெரு தள்ளி, மேட்டில். மற்றத் தாய்மார் பிள்ளைகளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள். இவள் ஒருநாளும் அவனைக் கீழே விட்டதில்லை. பஸ் தரிப்பில் கால்மணி நேரம் நின்றாலும் அவன் இடுப்பில்தான். களைத்தால் மற்ற இடுப்புக்கு மாற்றுவாள். அவன் காலில் மெல்லிய தோல் சப்பாத்து, அடி புத்தம் புதிதாக இருக்கும்.

பார்த்தேன், உடனே முடிவு கட்டினேன். பிள்ளைக்குக் காலில் ஏதோ குறை. எங்கள் சனமென்றால் பிள்ளையின் குறையை வெளியே சொல்லாது. கண்ணூறு, ஊர்க்கதை, நாளைக்கு ஒரு கலியாணப் பேச்சு என்று ஆயிரத்தை யோசித்து மூடிவைக்கும். இவளும் அப்படித்தான் மூடிவைக்கிறாள் பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரை நடுவில் ஒரு நாள் என் யன்னலுக்கு வந்தாள்.

“மதாம் ராணி, மே மாதம் முதல் இரண்டு கிழமையும் நான் ஊரில் இருக்கவேண்டும். ஆஸ்பத்திரிப் பயிற்சியின் கடைசிக் கட்டம் அந்த நாட்களில் வருகிறது. என்ன வழி?”

“என்ன விசயம்?”

“என் மகனுக்காக. குடும்ப விசயம்.”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

“ஒரு மெடிக்கல் கொண்டுவா. மிச்சத்தை நான் பார்க்கிறேன்.”

“யாருக்கும் வருத்தம், நோய் ஒன்றும் இல்லையே.”

“சும்மா ஒரு காகிதம்தான் பிள்ளை. எல்லாரும் செய்கிறதுதான்.”

“எனக்கு வருத்தமில்லை. அவனுக்கும் வருத்தமில்லை” என்றாள். நான் நீட்டிய மனுப் படிவத்தில் கையெழுத்தை வைத்தாள். காரணத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, யோசித்து நாளைக்கு வந்து எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடினாள்.

அடுத்த நாள் அவளை ஆஸ்பத்திரியில் கூடுதல் நேரம் நிற்க வைத்துவிட்டார்கள். அதற்கடுத்த நாளும் வரவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு மனுக்கள் மூடப்படும். மூன்றே முக்காலுக்கு நான் பேனையை எடுத்தேன். மகனுக்கு நடப்பதில் குறைபாடு, சிகிச்சைக்காகச் சொந்த ஊர் செல்லவேண்டும், வைத்தியச் சான்று பின்னர் தரப்படும். சரியாக இரண்டு வரி. எழுதி முடித்தபோது ஓர் உயிரைக் கரையேற்றியது போல மனம் நிறைந்திருந்தது. வீட்டுக்குப் போய் என் கணவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

“அந்தப் பிள்ளை உம்மைக் கேட்டதே? நீர் ஏன் தேவையில்லாமல் இதுக்குள்ள தலையைப் போடுறீர்?”

“கேக்க முதல் செய்யிறதுதான் உதவி.”

“உம்மோட கதைச்சு வெல்லேலாது” என்று அவர் ரீவியைப் போட்டார்.

மனுவில் பிள்ளையின் நோய் என்றிருந்து வைத்தியக் காகிதம் இல்லாவிட்டால், அதன் நகல் மாணவர் நலன் பிரிவுக்குப் போகும். அது எனக்குத் தெரிந்த விதிதான். அங்கே உதவித்தொகை ஏதாவது பார்ப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அவர்கள் வேறு விதமாகப் பார்த்தார்கள்.

புதன்கிழமை காலை லூயிசா மகனோடு எங்கள் பிரிவுக்குள் வந்தாள். யன்னலுக்கு வரவில்லை, கதவைத் திறந்து உள்ளேயே வந்தாள். மகனை இடுப்பிலிருந்து இறக்கித் தரையில் விட்டாள்.

அவன் ஓடினான். மேசைகளுக்கு நடுவே ஓடி, என் கதிரைக்குப் பின்னால் புகுந்து, குப்பைக் கூடையைக் கவிழ்த்து, அதிலிருந்து ஒரு காகித உருண்டையை எடுத்துக்கொண்டு மறுபக்கத்தால் வந்தான். விழவில்லை, தடக்கவும் இல்லை. என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான்.

“நடப்பான்” என்றாள் லூயிசா. குரல் உயரவில்லை. “மாசி மாதத்திலிருந்து நடக்கிறான். வெளியேதான் இன்னும் நடக்கவில்லை. எங்கள் சனத்தில் ஒரு பிள்ளை முதல்முறை வெளியே தன் காலால் நடப்பது பெரிய சடங்கு. அதுவரை வீட்டுக்குள் எப்படியும் ஓடலாம், கதவுக்கு வெளியே கால் நிலத்தில் படக்கூடாது. மே மாதம் காட்டு வாத்துகள் வடக்கே வரும். அந்த இரண்டு கிழமையும் எங்கள் ஊரில் பள்ளிக்கூடமே மூடியிருக்கும், எல்லாரும் காட்டு முகாமில் இருப்போம். அப்போதுதான் அவனை வெளியே நடத்தவேண்டும். இதைத்தான் உங்களுடைய இரண்டு வரியில் எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.”

நான் மாசி, பங்குனி, சித்திரை என்று விரல் மடித்தேன். நடக்கத் தெரிந்த பிள்ளையை, அந்தச் சேற்றிலும் பனியிலும், ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க நின்ற காலோடு, இரண்டரை மாதமாகத் தூக்கித் திரிந்திருக்கிறாள். இந்த நகரத்தில் அவள் அவனைக் கீழே விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பார்க்கிறவர் ஒருவரும் இல்லாத இடத்தில் இவ்வளவு பெரிய ஒரு காரியத்தை ஒரு பெண் செய்துகொண்டிருந்தாள், நான் அதற்குக் குறைபாடு என்று பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

“நேற்று நலன் பிரிவிலிருந்து ஒரு பெண் போன் எடுத்தார். மகனுக்குக் காலில் என்ன, எந்த வைத்தியர் பார்க்கிறார், பார்க்கவில்லையென்றால் ஏன் என்று கேட்டார். அன்பான குரல். எங்கள் ஊரில் அந்த அன்பான குரலை எல்லாருக்கும் தெரியும். அம்மாவின் அக்காவை ஆறு வயதில் அரசாங்கத்தார் விமானத்தில் ஏற்றித் தூரத்து விடுதிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள், அங்கே எங்கள் பாஷை பேச விடமாட்டார்கள். திரும்பி வந்தபோது தன் தாயோடு பேச அவருக்குப் பாஷை இருக்கவில்லை. அதற்கும் முதலில் ஒரு காகிதம்தான் வந்தது.”

பள்ளிக்கூடம் என்ற சொல்லை அப்படிப்பட்ட முகத்தோடு யாரும் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. குண்டு விழுந்த நாட்களிலும் மரத்தடியில் மேசை போட்டுச் சோதனை எழுதிய சனம் நாங்கள். வீடு போனால் போகட்டும், பெறுபேறு வந்துவிட்டதா என்று கேட்கிற சனம். பள்ளிக்கூடம் ஒரு பிள்ளையைக் காப்பாற்றும் என்பது எனக்குச் சோறு பசியை ஆற்றும் என்பது போன்ற விசயம். அது பிள்ளையைத் தின்றும் இருக்கிறது என்று அந்தக் காலையில் என் மேசைக்கு முன்னால் ஒருத்தி சொல்லிக்கொண்டு நின்றாள்.

“அந்த வரி இருக்கக்கூடாது” என்றாள்.

அவளை உட்காரச் சொல்லிவிட்டு மதாம் ஜெர்வேயின் அறைக்குப் போனேன். கோப்பைக் கொடுத்தேன், நடந்ததைச் சொன்னேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். அவர் நின்றபடி முன்னிருந்து பின்னுக்கு வாசித்தார், பின்னிருந்து முன்னுக்கு வாசித்தார். பிறகு கேட்டார்.

“மதாம் ராணி, பிள்ளையால் நடக்க முடியாது என்பதை நீங்கள் பார்த்தீர்களா, நினைத்தீர்களா?”

“நினைத்தேன் மதாம்.”

“நினைத்ததை எழுதினீர்கள்.”

“ஓம்” என்று தமிழிலேயே வாயில் வந்துவிட்டது. அவருக்கு விளங்கியது.

அவர் வெளியே வந்து லூயிசாவுக்கு முன்னால் நின்றார். பிழையான வரிக்குக் கோடு போட்டுக் கீழே சரியானதை எழுதலாம் என்றார். லூயிசா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். “கோடு போட்டாலும் வாசிக்கலாம்” என்றாள். மதாம் ஜெர்வேயிடம் அந்த நடைமுறையைக் குறையாக யாரும் சொன்னதில்லை. அது அவருடைய வேதம். அவர் படிவத்தை மறுபடி பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“மாணவி கையெழுத்திட்ட பின்பு வேறொருவர் காரணத்தை எழுதியிருக்கிறார். அப்படியென்றால் இது பிழையான படிவம் இல்லை. இது படிவமே இல்லை. படிவம் இல்லாததைக் கோப்பில் வைக்க எனக்கு அதிகாரமில்லை.”

தாளை எடுத்து இரண்டு கையாலும் லூயிசாவிடம் கொடுத்தார். நலன் பிரிவிலிருந்த நகலையும் தானே நடந்து போய் வாங்கிவந்து கொடுத்தார், பிள்ளையைப் பற்றி எந்தக் கேள்வியும் எங்கேயும் நிலுவையில் இல்லை என்று அவர்களிடமிருந்து கடிதமும் வாங்கினார். விதியை ஒரு மயிரிழையும் மீறாமல் அந்த வரியை உலகத்திலிருந்து இல்லாமல் செய்தார். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் தந்தார். அது என் கோப்பில் இன்னும் இருக்கிறது, இருக்கட்டும்.

லூயிசா புதுப் படிவத்தில் உண்மையான காரணத்தைத் தன் கையாலேயே எழுதினாள். இரண்டு வரி போதாமல் பின்பக்கத்திலும் எழுதினாள். பிழை எங்களுடையது என்பதால் திகதி பிந்தியும் மதாம் ஜெர்வே அதை ஏற்றார். நோய் இல்லாத காரணம் என்பதால் குழு கூடவேண்டியிருந்தது. தாதிப் பிரிவுத் தலைவர், துணை அதிபர், மதாம் ஜெர்வே. குறிப்பெடுக்க நான்.

“நாங்கள் மறுத்தால் என்ன செய்வீர்கள்?” என்று துணை அதிபர் கேட்டார்.

“போவேன்.”

“இன்னும் சில மாதத்தில் தாதியாகப் போகிறீர்கள். சடங்கைக் கோடைக்குத் தள்ளிவைக்க முடியாதா?”

லூயிசா கைகளை மடியில் வைத்துக்கொண்டு பேசினாள். “எங்கள் ஊருக்குத் தெற்கிலிருந்து தாதிமார் வருகிறார்கள். நல்லவர்கள். சில கிழமைகள் இருந்துவிட்டுப் போய்விடுவார்கள், வேறு ஆட்கள் வருவார்கள். போய்விடாத தாதி ஒருத்தி வேண்டும் என்றுதான் ஊர் என்னை இங்கே அனுப்பியிருக்கிறது. என் மகன் தயாராகிவிட்டான், எல்லாரும் அவனுக்காகக் காத்திருக்கிறார்கள். பயிற்சி இருக்கிறது என்று நான் போகாமல் விட்டால், நானும் போய்விட்டவள்தான். பிறகு நான் எந்தத் தாதியாகத் திரும்பிப் போகிறது?”

நான் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டேன். நாற்பது வயதுக்கு மேல் பிரெஞ்சு படித்து, கட்டில் விரித்து, என் பிள்ளைகளின் பெறுபேற்றைச் சட்டம் போட்டு மாட்டியவள் நான். படிப்பு எதற்கு என்று என்னிடம் யாராவது கேட்டிருந்தால் முன்னேற என்றிருப்பேன். எங்கே இருந்து எங்கே என்று கேட்டிருந்தால் திகைத்திருப்பேன். இந்தப் பெண்ணுக்கு அது விரல் நுனியில் இருந்தது.

குழு மறுத்தது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, தாதிப் பிரிவுத் தலைவரின் கண் கலங்கியே இருந்தது. ஆனால் குறியீடு நோய்க்கு மட்டும்தான், அதை மாற்றும் அதிகாரம் கல்லூரிக்கு இல்லை. அவள் போவதென்றால் பயிற்சியில் பெயில், படிப்பிலிருந்து நீக்கம். கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான்.

அவள் அதை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, “மதாம் ராணி, நீங்கள் வாருங்கள். அவன் நடப்பதை வந்து பாருங்கள்” என்றாள். குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். மறுபடியும் நினைத்தேன், பாருங்கள். அவள் ஒரு தாளில் வழி எழுதித் தந்தாள், எந்தச் சந்தியில் பெற்றோல் அடிக்கவேண்டும், அதை விட்டால் அடுத்தது எவ்வளவு தூரம் என்றுகூட.

“பதினாலு மணித்தியாலமோ?” என்றார் என் கணவர். “ரொறன்ரோக்குப் போற ஆறு மணித்தியாலத்துக்கே உமக்கு இடுப்பு பிடிக்கும்.”

“நான் போகத்தான் வேணும். நீங்கள் வராட்டில் பஸ்ஸில போறன்.”

பிறகு பார்த்தால் அவர் கீழே நின்று ரயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசிக்கிறவர்கள் மனம் பதறாமல் இருக்க ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த வருடம் லூயிசா மறு அனுமதிக்கு விண்ணப்பித்தாள், கிடைத்தது, பயிற்சியை முடித்தாள். இன்றைக்கு அவள் தன் ஊரில் தாதி. ஆனால் அந்த மே மாதம் இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. படிப்பை இழந்த ஒருத்தியின் வீட்டுக்கு, அவளை நீக்கிய கல்லூரியின் ஆளாக நான் ஒரு வாளி முறுக்கோடு போய்க்கொண்டிருந்தேன்.

முகாம் ஓர் ஏரிக்கரையில் இருந்தது. ஏரியில் பனிக்கட்டி பாதி உடைந்திருந்தது. விடியும் நேரத்தில் பெரிய கூடாரத்துக்குள் கூட்டிப்போனார்கள். தரை முழுக்கப் பச்சை ஊசியிலைக் கிளைகள் பின்னிப் பரப்பியிருந்தன, அந்த மணம் நெஞ்சு வரை இறங்கியது. வாசல் கிழக்கே பார்த்திருந்தது. வாசலிலிருந்து வெளியே ஒரு சிறு மரம் வரைக்கும் அதே கிளைகளால் பாதை போட்டிருந்தார்கள். அன்று மூன்று பிள்ளைகள். ஜோசப் இரண்டாவது. பூவேலை செய்த மேலங்கி, தோளில் மரத்தால் செய்த சிறு வேட்டைத் துவக்கு. ஒரு பக்கம் லூயிசா, மறுபக்கம் அவளுடைய தகப்பன்.

சூரியன் எழும்பியதும் அவர்கள் வாசலுக்கு வந்தார்கள். ஜோசப் வாசலில் நின்றுவிட்டான். கீழே பார்த்தான், வெளிச்சத்தைப் பார்த்தான், நகரவில்லை.

எங்கள் வீடாக இருந்திருந்தால் பத்துப் பேர் கை தட்டி, வா வா என்று கூப்பிட்டு, கமராவை முகத்துக்குள் நீட்டி, பிள்ளையை அழவைத்திருப்போம். அங்கே ஒருவரும் அசையவில்லை. அறுபது எழுபது பேர் இருந்திருப்பார்கள். ஒருவரும் இருமவும் இல்லை. தள்ளவில்லை, இழுக்கவில்லை. அவன் கால் அவனுடையது, அவன் எப்போது வைக்கிறானோ அப்போது வைக்கட்டும் என்று அத்தனை பேரும் காத்திருந்தார்கள். வானத்தில் வாத்துகள் கத்திக்கொண்டு போயின. அவன் அண்ணாந்து பார்த்தான். பார்த்தபடியே காலை வெளியே வைத்தான்.

அந்தக் கணத்தில் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை வயதில் எத்தனை கோயிலில், எத்தனை தீபாராதனைக்கு முன்னால் நின்றிருக்கிறேன், அப்படி ஒன்றை நான் உணர்ந்ததில்லை. எங்கள் பிள்ளைக்கு ஏடு தொடக்கும்போது விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிப்போம். அன்றிலிருந்து பிள்ளை உள்ளே இருந்து படிக்கவேண்டும். இவர்கள் பிள்ளையின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போகிறார்கள். இந்த நிலம் உன்னுடையது, நீ இந்த நிலத்துடையவன், இனி நீ எங்களுக்கு உதவலாம் என்று ஒன்றேகால் வயதில் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஜோசப் மரத்தைச் சுற்றினான். அங்கே வேட்டையாடி வைத்திருந்த காட்டு வாத்தை, தாய் ஒரு பக்கம் பிடிக்க, இழுத்துக்கொண்டு கூடாரத்துக்குத் திரும்பினான். உள்ளே வரிசையாக இருந்த முதியவர்களுக்கு அதைக் கொடுத்தான். ஒவ்வொருவரும் அவன் கையைப் பிடித்து, கன்னத்தில் முத்தமிட்டார்கள். அவன் தங்களுக்கு உணவு கொண்டுவந்ததாக அவர்கள் உண்மையிலேயே நன்றி சொன்னார்கள். அதில் விளையாட்டு ஒரு துளியும் இல்லை. நான் வெட்கமில்லாமல் அழுதேன். என் கணவர் எனக்குக் கைக்குட்டை தருவதற்காக எடுத்து, தானே துடைத்துக்கொண்டார்.

பிறகு சாப்பாடு. நெருப்புக்கு மேல் கயிற்றில் கட்டிச் சுழலவிட்டு வாட்டிய வாத்து, தட்டையான ரொட்டி, மீன். முறுக்கு வாளி எங்கே போனதென்றே தெரியவில்லை. சாப்பிட்டு முடிய ஒவ்வொருவராக எழும்பிச் சில வார்த்தை சொன்னார்கள். லூயிசாவின் தகப்பன் என் பக்கம் திரும்பினார்.

“நீங்கள் கல்லூரியிலிருந்து வந்திருக்கிறீர்கள். நீங்களும் சொல்லுங்கள்.”

இவ்வளவு சனத்துக்கு முன்னால் எதைச் சொல்வது? வாழ்த்துச் சொல்லிவிட்டு உட்காரலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் லூயிசாவைப் பார்த்தபோது அந்தப் பலகையைப் போட்டுத் தாண்ட மனம் வரவில்லை.

“நான் இவன் நடக்கமாட்டான் என்று எழுதினவள்” என்றேன். “அது பொய். இவள் இன்றைக்கு இங்கே வந்ததற்காகக் கல்லூரி இவளைப் பெயிலாக்கி, படிப்பிலிருந்து நீக்கியிருக்கிறது. அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.”

லூயிசாவின் தகப்பன் அதைத் தங்கள் பாஷையில் மற்றவர்களுக்குச் சொன்னார். யாராவது எழும்பித் திட்டினால் வாங்கிக்கொள்வோம் என்று நின்றேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

“எங்கள் காலத்தில் பள்ளிக்கூடம் போனவர்கள் வேறு ஆட்களாகத் திரும்பி வந்தார்கள். சிலர் திரும்பி வரவேயில்லை. இவளையும் மகனையும் உங்களிடம் விட்டுவிட்டு ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டிருந்தோம். இவள் முழுதாக வந்திருக்கிறாள். மகனை எங்கே கொண்டுவரவேண்டும் என்று இவளுக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் கல்லூரி இவளைக் கெடுக்கவில்லை. எங்கள் நன்றியை அவர்களிடம் சொல்லுங்கள்.”

அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து குலுக்கினார்கள்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக மதாம் ஜெர்வேயின் அறைக்குப் போனேன். லூயிசாவின் கோப்பு அவர் மேசையில் இருந்தது, மூடுவதற்குத் தயாராக.

“மதாம், லூயிசாவின் ஊர் ஆட்கள் கல்லூரிக்கு நன்றி சொல்லச் சொன்னார்கள்.”

அவர் நிமிர்ந்தார். “எதற்கு? பெயிலாக்கியதற்கா?”

“இல்லை மதாம். அவர்கள் பிள்ளையை முழுதாகத் திருப்பிக் கொடுத்ததற்கு.”